பிழை சாயத்திலா, படத்திலா?

கைத்தறித் துணிக்கு நிறமே முதல் விளம்பரம். வாங்க வருபவர் நூலின் நம்பரையும் நெசவின் நெருக்கத்தையும் பின்னரே கவனிக்கிறார்; அவர் கண்ணில் முதலில் படுவது நிறந்தான். முன்னாளில் வாடிக்கைக்காரர்கள் விற்பனை நிலையத்திற்கு நேரில் வந்து, சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டு சென்று, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். இன்றோ நம் சங்கங்கள் பலவும் சேலைகளைக் கைபேசியில் வீடியோ படமாக எடுத்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்பி ஆர்டர் பெறுகின்றன. மஞ்சள், மிளகாய் முதலியவற்றைப் பயிரிடும் அங்கத்தினர்களும் தங்கள் சரக்கைப் படத்தில் காட்டியே பேரம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க அபிவிருத்தியே. எனினும் இதில் ஒரு புதிய பொறுப்பும் அடங்கியிருக்கிறது. படத்தில் போவது நிறமன்று. நிறத்தைக் குறிக்கும் எண்கள். அனுப்புகிறவர் ஒரு கணக்கின்படி எழுதிய எண்களைப் பெறுகிறவர் வேறொரு கணக்கின்படி படித்தால், சாயம் எவ்வளவு சரியாக இருப்பினும் சரக்கு திரும்பி வரும்.

இது வெறும் யந்திர நுணுக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடிய விஷயமன்று என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இருப்புப் புத்தகத்தைப் பரிசோதித்தபோது, அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட சேலைகள் சில “நிற வேறுபாடு” என்ற குறிப்புடன் திரும்பி வந்திருக்கக் கண்டேன். வாங்கியவர் கூறிய காரணம் இது: படத்தில் உடல் செங்கல் சாயலாகவும் கரை கரும்பச்சையாகவும் தெரிந்தன, வந்த சேலையோ அவ்வாறில்லை. அதனால் ஏற்பட்ட நஷ்டத்தைச் சாயக்காரரின் கூலியில் பிடித்தம் செய்வது பற்றி அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளும் சேர்க்கப்பட்டிருந்தது. நெடுங்காலமாகச் சங்கத்துக்குச் சாயமிட்டு வருபவர் அவர். சாயக் கணக்கில் தவறவில்லை என்பதைத் தவிர அவரால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை. அவர் சொன்னது உண்மையா என்பதை அறிய வழி இருந்தது. அந்த வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறம் எண்ணாவது எப்படி?

வீடியோ படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. இப்போது பெரிதும் வழங்கும் அளவில் ஒரு படத்துக்கு அகலத்தில் 1920, உயரத்தில் 1080, ஆக 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வோர் ஒளியின் வலிமையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கப்படும். 255, 0, 0 என்றால் முழுச் சிவப்பு. மூன்றும் 255 என்றால் வெண்மை. மூன்றும் 0 என்றால் கருமை.

ஆனால் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்போது இம்மூன்று எண்களையும் அப்படியே எழுதுவதில்லை. புள்ளி எவ்வளவு பிரகாசமானது என்பதை ஓர் எண்ணாகவும், நீலமும் சிவப்பும் அப்பிரகாசத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை வேறு இரண்டு எண்களாகவும் பிரித்து எழுதுகிறார்கள். இந்த யோசனை மிகவும் பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் வாலன்ஸி 1938-இல் இதற்கு உரிமம் கோரினார். அமெரிக்காவில் 1953-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி வகுத்தபோது இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. மக்களிடம் ஏற்கெனவே இருந்த கறுப்பு-வெள்ளைப் பெட்டிகள் பிரகாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். புதிய பெட்டிகள் நிறத்தையும் சேர்த்துக்கொள்ளும். பழைய பெட்டி வைத்திருந்தவருக்கும் நஷ்டமில்லை.

இரண்டு விதமான கணக்கு

மூன்று ஒளிகளிலிருந்து பிரகாசத்தைக் கணக்கிடும் விகிதம் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

சர்வதேச வானொலி ஆலோசனைக் குழு 1982-இல் 601 என்ற எண்ணுடைய விதியை வெளியிட்டது. நம் நாட்டில் தூர்தர்ஷன் வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இவ்விதியின்படி பிரகாசத்தில் சிவப்பின் பங்கு 0.299, பச்சையின் பங்கு 0.587, நீலத்தின் பங்கு 0.114. பின்னர் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்காக 1990-இல் 709 என்ற விதி ஏற்பட்டது. இன்று வழங்கும் வடிவில் அதன் பங்குகள் முறையே 0.2126, 0.7152, 0.0722. மிக நுண்ணிய படங்களுக்காக 2012-இல் வந்த 2020 என்ற விதிக்கு வேறு பங்குகள் உண்டு. இப்பங்குகளின் தொகுதியைக் கலர் மேட்ரிக்ஸ் என்று கணிப்பொறி நிபுணர்கள் அழைக்கின்றனர். நாம் நிறக் கணக்கு என்று சொல்லிக்கொள்வோம்.

நெசவாளருக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஒரு ஜக்கார்டுப் பெட்டியின் கட்டுமானத்துக்கு என்று துளையிட்ட அட்டைகளைக் கட்டுமானம் வேறான பெட்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? அட்டையில் பிழையில்லை, தறியிலும் பிழையில்லை, ஆயினும் பூ கோணலாக விழும். எண்களை அட்டை என்றும், நிறக் கணக்கைப் பெட்டியின் கட்டுமானம் என்றும் கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும்.

மேற்படி சங்கத்தில் நடந்ததும் இதுவே. சேலைகளைத் தனித்தனிப் புகைப்படங்களாக எடுத்து, அவற்றைக் கோத்து 1080 அளவில் ஒரு வீடியோவாகச் செய்திருந்தார்கள். ஜேபெக் என்னும் சாதாரணப் புகைப்படக் கோப்புகள் 601-இன் பங்குகளைக் கொண்டே எழுதப்படுவன. படம் காட்டும் சாதனங்கள் யாவும் இவ்வழக்கத்தை அறிந்திருப்பதால் புகைப்படம் சரியாகவே தெரியும். வீடியோ செய்த மென்பொருளோ அதே 601 கணக்கை வைத்துக்கொண்டு, இன்ன கணக்கு என்ற குறிப்பையும் எழுதாமல் விட்டுவிட்டது. குறிப்பு இல்லாதபோது வீடியோவை ஓட்டும் பல சாதனங்கள் படத்தின் அளவைப் பார்த்து ஊகம் செய்கின்றன: சிறிய படமாயின் 601, பெரிய படமாயின் 709. படம் பெரியது, ஆகவே 709 என்று படித்துவிட்டன.

இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். 601-இல் எழுதி 709-இல் படித்தால், 255, 0, 0 என்ற முழுச் சிவப்பு ஏறக்குறைய 255, 24, 0 ஆகி ஆரஞ்சின் பக்கம் சாய்கிறது. 0, 128, 0 என்ற பச்சை 0, 108, 0 ஆகிக் கறுக்கிறது. 128, 0, 32 என்ற அரக்கு சுமார் 139, 14, 32 ஆகிச் செங்கல் சாயல் பெறுகிறது. மஞ்சள் பயிரிடுவோரும் கவனிக்கட்டும்: 255, 255, 0 என்ற முழு மஞ்சள் 255, 240, 0 ஆகிச் சற்றுச் சிவந்து தோன்றும். உள்ளதைவிட நிறம் ஏறிய மஞ்சளைக் கண்டு விலை சொன்ன வியாபாரி, மூட்டையைப் பிரித்ததும் விலையைக் குறைக்கக் கேட்பார்.

எதிர்மாறாக, 709-இல் எழுதியதை 601-இல் படித்தால் முழுச் சிவப்பு 233, 0, 2 என்று மங்குகிறது. பச்சை உள்ளதைவிடப் பளிச்சிடுகிறது. கைபேசியில் பெரிதாக எடுத்த படத்தை அனுப்புவதற்காகச் சிறிதாக்கும்போது இவ்விதம் நேர்வதுண்டு.

அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஓர் அடையாளம் இதில் உண்டு. எந்தக் கணக்கிலும் மூன்று பங்குகளையும் கூட்டினால் ஒன்றுதான் வரும். ஆதலால் வெள்ளை, கறுப்பு, சாம்பல் ஆகியவை கணக்கு மாறினாலும் மாறுவதில்லை. வெண்ணூல் வெள்ளையாகவே இருக்க, வண்ண நூல் மட்டும் மாறித் தெரிந்தால் பிழை நிறக் கணக்கில்தான் என்று சந்தேகிக்கலாம்.

சீட்டு வேறு, சரக்கு வேறு

வீடியோ கோப்பினுள் இன்ன கணக்கில் எழுதப்பட்டது என்று குறிப்பதற்கு இடம் உண்டு. எச். 264 போன்ற முறைகளில் நிறக் கணக்கு ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. 1 என்றால் 709. 5 அல்லது 6 என்றால் 601. 9 என்றால் 2020. 2 என்றால் “குறிப்பிடப்படவில்லை” என்று பொருள். மூல ஒளிகள் எவை, பிரகாசம் எந்த வளைவில் ஏறுகிறது என்பவற்றுக்கும் தனித்தனிக் குறிப்புகள் உள்ளன.

இங்கே பலர் இடறுவது ஒரே இடத்தில். குறிப்பை மாற்றுவது ஒரு வேலை. எண்களை மாற்றுவது வேறு வேலை. 60-ஆம் நம்பர் நூற்கட்டின் மேல் 80 என்று சீட்டு ஒட்டிவிட்டால் நூல் மெலிந்துவிடாது என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எக்ஸ். 264 என்னும் குறியேற்றும் மென்பொருளுக்குக் கலர் மேட்ரிக்ஸ் என்று கொடுக்கும் கட்டளை சீட்டை மட்டுமே ஒட்டுகிறது, எண்களைத் தொடுவதில்லை. எண்களையே ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்ற வேண்டுமானால், எஃப்.எஃப்.எம்பெக் என்னும் இலவச மென்பொருளில் ஸ்கேல் என்ற வடிகட்டிக்கு, உள்ளே வரும் கணக்கு இது, வெளியே போக வேண்டிய கணக்கு இது என்று தனியே சொல்ல வேண்டும்.

ஆகவே விதி இதுதான். எண்கள் சரியாக இருந்து குறிப்பு மட்டும் விட்டுப்போயிருந்தால் சீட்டை ஒட்டினால் போதும். எண்கள் 601-இல் இருந்து, நமக்கு 709 வேண்டுமாயின், முதலில் எண்களை மாற்றி, அதன் பின் சீட்டையும் ஒட்ட வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விட்டால் பிழை நீடிக்கும். சில சமயம் புதிதாக முளைக்கும்.

வெண்மையும் கருமையும் கெடும்போது

இரண்டாவது வகைப் பிழை ஒன்றுண்டு. தொலைக்காட்சி வழக்கில் பிரகாசத்தின் எண் 0 முதல் 255 வரை செல்வதில்லை. கருமை 16-இலும் வெண்மை 235-இலும் நிற்கும். நிறத்தைக் குறிக்கும் எண்கள் 16 முதல் 240 வரை செல்லும். புகைப்படங்களிலோ 0 முதல் 255 வரை முழுவதும் பயன்படும். முன்னதைக் குறுகிய வீச்சு என்றும் பின்னதை முழு வீச்சு என்றும் சொல்லலாம். மென்பொருள்களில் இது கலர் ரேஞ்ச் என்ற பெயரில் காணப்படும்.

குறுகிய வீச்சில் எழுதியதை முழு வீச்சாகப் படித்தால் கருமை சாம்பலாக வெளுத்தும் வெண்மை மங்கியும் தோன்றும். துணி புகை படிந்தது போல் இருக்கும். முழு வீச்சில் எழுதியதைக் குறுகியதாகப் படித்தால், 16-க்குக் கீழுள்ள சாயல்கள் யாவும் ஒரே கருமையாகவும் 235-க்கு மேலுள்ளவை ஒரே வெண்மையாகவும் ஆகிவிடும். கறுப்புச் சேலையில் கறுப்பு நூலாலேயே போட்ட புட்டாக்கள் மறைந்துபோவது இவ்வாறுதான். நெசவாளர் பாடுபட்டுப் போட்ட வேலை வாங்குகிறவர் கண்ணுக்கே தெரியாமற் போகுமானால், அதற்குரிய விலை எங்ஙனம் கிடைக்கும்?

நான்கு புள்ளிக்கு ஒரு நிறம்

மனிதக் கண் பிரகாச வேறுபாட்டை நுட்பமாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகக் காணாது. இதனால் வீடியோவில் பிரகாசத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதி, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று என்று எழுதிச் சிக்கனம் செய்கிறார்கள். 4:2:0 என்று குறிக்கப்படுவது இம்முறையே. 1080 அளவுள்ள படத்தில் பிரகாச எண்கள் 20,73,600 ஆயின், இரு நிற எண்களும் தலைக்கு 5,18,400-தான். எழுத வேண்டிய எண்களின் தொகை பாதியாகக் குறைகிறது.

பெரிய உடலுக்கும் அகன்ற கரைக்கும் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒற்றை இழைச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடும் பொடிக் கட்டங்களைத் தொலைவிலிருந்து எடுத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கும். இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. காமிராவைத் துணிக்கு அருகே கொண்டு சென்று கட்டங்களைப் பெரிதாக எடுப்பதே வழி.

புதிய கைபேசிகள்

அண்மைக் காலக் கைபேசிகள் சில, எச்.டி.ஆர். என்ற பெயரில், சாதாரணத் திரைகள் காட்டக்கூடியதை விட அதிகமான பிரகாசத்தையும் நிறங்களையும் பதிவு செய்கின்றன. 2020-இல் வெளிவந்த ஐபோன் 12 இதற்கு ஓர் உதாரணம். இவை 2020 விதியின் அகன்ற நிறங்களையும் வேறுவகை ஒளி வளைவையும் கையாளுகின்றன. இதை அறியாத சாதனத்தில் ஓட்டும்போது நிறமெல்லாம் வெளிறி, பலமுறை துவைத்த சேலை போல் தோன்றும். நம் காரியத்துக்கு இத்தனை அகலம் அவசியமில்லை. படமெடுக்கும் முன் கைபேசியின் காமிரா அமைப்பில் எச்.டி.ஆர். வீடியோவை நிறுத்திவிடுவதே சிலாக்கியம்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு சங்கமும் ஒரு சோதனைத் துண்டு தயாரித்துக்கொள்ளலாம். வெள்ளை, கறுப்பு, சாம்பல், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஏழு பட்டைகள் நெய்த ஒரு முழத் துணி போதும். செலவு சொற்பம். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் இத்துண்டைச் சில விநாடிகள் காட்ட வேண்டும்.

இரண்டாவதாக, படத்தைப் பகலில், நேர் வெயில் படாத நிழலில் எடுக்க வேண்டும். மின்விளக்கின் சாயல் ஏறினால் வெள்ளைப் பட்டையே மஞ்சளிக்கும். அது படமெடுத்ததின் பிழை, குறியேற்றியதின் பிழையன்று.

மூன்றாவதாக, படத்தைச் சுருக்கும்போது மூல ஒளிகள், ஒளி வளைவு, நிறக் கணக்கு ஆகிய மூன்றையும் 709 என்றும், வீச்சைக் குறுகியது என்றும் வைக்க வேண்டும். புகைப்படங்களிலிருந்து வீடியோ செய்யும்போது எண்களும் 709-க்கு மாற்றப்பட்டனவா என்று பார்த்தல் முக்கியம். மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எந்தச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். சீட்டே இல்லாத கோப்பை வெளியே அனுப்பலாகாது.

நான்காவதாக, அனுப்புமுன் சேலை, புகைப்படம், வீடியோ மூன்றையும் ஒரே கைபேசியில், ஒரே வெளிச்சத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும். புகைப்படமும் சேலையும் ஒத்து, வீடியோ மட்டும் மாறினால் பிழை வீடியோவில். வண்ணப் பட்டைகள் மட்டும் மாறினால் நிறக் கணக்கைப் பார்க்க. கறுப்பும் வெள்ளையும் கெட்டால் வீச்சைப் பார்க்க. எல்லாம் வெளிறினால் எச்.டி.ஆரைப் பார்க்க. பொடிக் கட்டங்கள் மட்டும் குழம்பினால் இன்னும் அருகில் சென்று எடுக்க.

ஐந்தாவதாக, பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டாம். நாம் எவ்வளவு சரியாக அனுப்பினாலும், பெறுகிறவரின் திரை எப்படிப்பட்டது என்பது நம் கையில் இல்லை. பெரிய ஆர்டர்களுக்குச் சாயமிட்ட நூலில் ஒரு சிறு முடிச்சையாவது, துணியின் ஒரு துண்டையாவது தபாலில் அனுப்பி ஒப்புதல் பெறுவதே இன்றும் உறுதியான முறை. வீடியோ ஆர்டரைக் கொண்டுவரட்டும். நூல் மாதிரி அதை உறுதி செய்யட்டும்.

பழி யாரைச் சேரும்?

மேலே குறிப்பிட்ட சங்கத்தில், நிகழ்ச்சி நிரலில் அப்பொருள் எடுக்கப்படுமுன், திரும்பிய சேலை ஒன்றையும் அதன் புகைப்படத்தையும் வீடியோவையும் குழுவினர் முற்றத்து வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். சேலையும் புகைப்படமும் ஒத்திருந்தன. வீடியோவில் உடல் செங்கல் சாயலாகவும் கரை கறுத்தும் இருந்தன. அச்சேலையின் வெள்ளை ஓரப் பட்டை மட்டும் எங்கும் வெள்ளையாகவே இருந்தது. கோப்பைத் திறந்து பார்த்ததில் நிறக் கணக்கின் குறிப்பு காணப்படவில்லை. எண்களை 709-க்கு மாற்றிச் சீட்டும் ஒட்டி மறுபடி தயாரித்தபோது வீடியோ சேலையை ஒத்துவிட்டது. பிடித்தம் பற்றிய பொருள் கைவிடப்பட்டது. அதற்கான காரணமும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. படம் செய்த இளைஞர் மீதும் குறை சொல்வதற்கில்லை. மென்பொருள் தானாகச் செய்ததை அவர் கேட்டிருக்கவில்லை, அவ்வளவே. திரும்பிய சேலைகளை வேறிடத்தில் விற்கச் சங்கம் சிரமப்பட வேண்டியிருந்தது. அந்தச் சிரமம் மீதி.

திரும்பி வரும் ஒவ்வொரு சேலையும் சங்கத்தின் முதலை முடக்குகிறது. முடங்கிய முதல் அடுத்த மாதத்து நூல் கொள்முதலைக் குறைக்கிறது. நூல் குறைந்தால் தறி நிற்கிறது. அதைவிடப் பெரிய தீங்கு, தவறு இன்ன இடத்தில் என்று ஆராயாமல் கைக்கெட்டியவர் மீது சுமத்துவது. கூலியில் கை வைக்கும் தீர்மானம் எதுவும் கண்ணால் கண்ட சோதனைக்குப் பின்னரே வரவேண்டும். நிற வேறுபாடு என்ற புகார் வந்திருக்கும் சங்கங்கள், சாயப்பட்டறைக்கு ஓலை அனுப்புமுன், சேலையையும் வீடியோவையும் ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.